தோழரோடு வளர்ந்த விசுவாசம்: பிரெடெரிக் ஓசானாம்

நமது பங்குகளில் புனித வின்சென்ட் டி போல் சபையை அறியாதவர் இல்லை. வறிய வீட்டுக்கு அரிசி கொண்டு செல்வோர், மாரி வருமுன் கூரை வேய உதவுவோர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கிக் கொடுப்போர் என்றே அச்சபையினரை நாம் அறிந்திருக்கிறோம். ஆயினும் அச்சபையை ஆரம்பித்த வாலிபர்களின் உள்ளத்தில் முதன்முதல் இருந்த கவலை வேறொன்று என்பதைப் பலர் அறியார். தங்கள் விசுவாசம் அணைந்து போகாதபடி ஒருவரையொருவர் எவ்வாறு தாங்கிப் பிடிப்பது என்பதே அந்தக் கவலை. ஏழையின் வீட்டுப் படியேறுவது அதற்கு அவர்கள் கண்ட வழி. அவ்வாலிபர்களுள் முதன்மையாக வைத்துப் பேசப்படுபவர் பிரெடெரிக் ஓசானாம். இவர் குருவுமல்லர், துறவியுமல்லர். மனைவியோடும் மகளோடும் குடும்பம் நடத்திய ஒரு பேராசிரியர். உலகில் வாழ்ந்தது 40 ஆண்டுகள் மாத்திரமே.

1813ஆம் ஆண்டு ஏப்ரில் 23ஆந் திகதி இத்தாலியின் மிலான் நகரில் ஓசானாம் பிறந்தார். தந்தையார் நெப்போலியனின் படையில் அதிகாரியாயிருந்து பின்னர் வைத்தியரானவர். 1816இல் குடும்பம் தன் சொந்த இடமாகிய பிரான்ஸ் தேசத்து லியோன் நகருக்குத் திரும்பியது. அந்தத் தாய் பெற்றெடுத்த பிள்ளைகள் 14 பேர். வளர்ந்து ஆளானவர்கள் மூன்று ஆண்மக்களே. மூத்தவர் அல்போன்ஸ் குருவானார். இளையவர் சார்ல்ஸ் தந்தையைப் போல வைத்தியரானார். நடுவிலிருந்தவர் நமது பிரெடெரிக். அவருக்கு எழுத்தறிவித்த அக்கா எலிசா 19 வயதில் இறந்தபோது அவருக்கு வயது 7. சாவு அடிக்கடி படியேறி வந்த வீடு அது. ஆயினும் செபமும் தருமமும் அங்கே ஒருநாளும் நின்றதில்லை.

பதினைந்து பதினாறு வயதளவில் ஓசானாமுக்குப் பெரும் சோதனை வந்தது. நாம் விசுவசிப்பது உண்மைதானா என்ற ஐயம் இரவும் பகலும் அவரை வாட்டியது. கோவிலுக்குப் போனாலும் அமைதியில்லை. புத்தகத்தைத் திறந்தாலும் அமைதியில்லை. உண்மையைக் காணும் வரம் கிடைத்தால் அவ்வுண்மைக்காகவே வாழ்நாள் முழுவதும் உழைப்பதாக அவர் கடவுளுக்கு வாக்குக் கொடுத்தார். அவருடைய கல்லூரியில் மெய்யியல் கற்பித்த குருவானவர் நுவாரோ அடிகளார் மாணவனின் முகவாட்டத்தைக் கண்டுகொண்டார். அவர் மாணவனைக் கண்டித்து அனுப்பிவிடவில்லை. படித்துப் பார் என்று ஒரு நூலைக் கையில் கொடுத்ததோடு விட்டுவிடவுமில்லை. லியோன் நகரைச் சூழ்ந்த பாதைகளிலே தம்மோடு நடக்க அழைத்துச் சென்றார். நாட்கணக்காக நடந்தார்கள், பேசினார்கள். பையனின் கேள்விகள் எல்லாவற்றையும் குருவானவர் பொறுமையோடு கேட்டார். அந்த நடைகளிலே ஓசானாமின் உள்ளம் தெளிந்தது. பின்னாளில் அவர் பிறருக்குச் செய்தவற்றையெல்லாம் பார்க்கும்போது, நுவாரோ அடிகளாரின் பொறுமையை அவர் மறக்கவேயில்லை என்று தோன்றுகிறது.

1831ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சட்டம் பயில அவர் பாரிஸ் மாநகருக்குப் போனார். அப்போதைய பாரிஸைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1830ஆம் ஆண்டுப் புரட்சி முடிந்து நெடுநாளாகவில்லை. 1831 பெப்ரவரியில் பேராயரின் மாளிகையை ஒரு கூட்டம் புகுந்து சூறையாடியிருந்தது. குருக்கள் அங்கியோடு வீதியில் இறங்கத் தயங்கிய காலம். பல்கலைக்கழக விரிவுரைகளில் திருச்சபை பழங்கதையாகிவிட்டதென்று பேராசிரியர்கள் பேச, மாணவர்கள் கைதட்டினார்கள். தாய் தந்தையர் தொலைவில். பழகிய முகமொன்றும் இல்லை. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பூசைக்குப் போவதை மெல்ல மெல்ல நிறுத்திவிட இதைவிட வசதியான இடம் வேறு இருந்திராது. படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் ஊரைவிட்டுப் போன நம் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அங்கே அவருக்குப் புகலிடம் கொடுத்தவர் அந்திரே மரி அம்பேர். மின்னோட்டத்தை அளக்கும் அம்பியர் என்ற அலகு இந்த விஞ்ஞானியின் பெயரால் வழங்குவதே. அவரும் லியோன் பக்கத்தவர். ஓசானாமைத் தம் வீட்டில் தங்கவைத்துத் தம் மேசையில் உணவருந்தச் செய்தார். ஒருநாள் மனச்சோர்வோடு புனித எத்தியேன் கோவிலுக்குள் ஓசானாம் நுழைந்தபோது, ஒரு மூலையில் முதியவர் ஒருவர் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாராம். கிட்டப் போய்ப் பார்த்தால் அவர் அம்பேர். ஐரோப்பா முழுவதும் போற்றிய அறிஞர் சாதாரண விசுவாசிகளோடு விசுவாசியாகச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த காட்சி, ஆயிரம் வாதங்கள் செய்யாததை அந்த வாலிபனுக்குள் செய்தது. முதியவருக்கு அது தெரிந்துகூட இராது.

ஓசானாம் தம்மைப் போலத் தனித்துத் தவித்த கத்தோலிக்க மாணவர்களைத் தேடிக்கொண்டார். 1832இல் ஜூப்ருவா என்ற பேராசிரியர் தெய்வ வெளிப்பாட்டை மறுத்துப் பேசியபோது இம்மாணவர்கள் மரியாதையோடு எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பேராசிரியரும் தம் பேச்சைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. தனி ஒருவனாயிருந்தால் இதற்குத் துணிவு வந்திராது. எம்மானுவேல் பாயி என்ற பத்திரிகை ஆசிரியர், மாணவர்களுக்காக நடத்திய வரலாற்றுக் கழகத்திலும் இவர்கள் சேர்ந்தார்கள். கத்தோலிக்கரும் அவிசுவாசிகளும் அங்கே வாதம் செய்வார்கள். அவ்வாறான ஒரு வாதத்தின்போது எதிரணி மாணவன் ஒருவன், கிறிஸ்தவம் முற்காலத்தில் பெரியவை செய்தது உண்மையே, ஆனால் இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டான். ஓசானாமிடம் அதற்கு விடை இருக்கவில்லை. அன்றிரவே அவரும் லெ தாயாந்தியே என்ற தோழரும் தங்கள் குளிர்கால விறகில் மிஞ்சியிருந்ததை எடுத்துக்கொண்டுபோய் ஓர் ஏழையின் வீட்டில் கொடுத்தார்கள் என்பர்.

1833 ஏப்ரில் 23ஆந் திகதி மாலை, ஓசானாமின் இருபதாவது பிறந்த நாளன்று, பாயி நடத்திய பத்திரிகையின் காரியாலயத்தில் ஏழு பேர் கூடினார்கள். (ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையின் காரியாலயத்தில் இச்சபை பிறந்தது என்பதைப் பத்திரிகைக்காரர் ஒருவர் சற்றுப் பெருமையோடு குறிப்பிட்டால் வாசகர் பொறுத்தருள்வார்களாக.) ஓசானாம், லெ தாயாந்தியே, லாலியே, லமாஷ், கிளாவே, தெவோ என்ற ஆறு மாணவர்களோடு, வயதில் மூத்த பாயி தலைவராக அமர்ந்தார். முடிவில் தெவோவின் தொப்பியைச் சுற்றிவிட்டுக் கையிலிருந்த காசைச் சேர்த்தார்கள். எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியாததால் மூப்தார் என்ற ஏழைப் பகுதியில் பணிபுரிந்த அருட்சகோதரி ரொசாலியிடம் போனார்கள். புனித வின்சென்ட் டி போலின் பிள்ளைகளாகிய கன்னியர் சபையைச் சேர்ந்த அந்தச் சகோதரி, குடும்பங்களின் பெயர்களையும் பாண் சீட்டுக்களையும் கொடுத்ததோடு, ஏழையோடு எவ்வாறு பேசுவது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பவற்றையும் பொறுமையோடு கற்பித்தார். படித்த வாலிபருக்கு அந்தப் படிப்புத்தான் இருக்கவில்லை.

கூட்டம் வாரந்தோறும் நடந்தது. தொடக்கத்தில் செபம், பின் ஞான வாசகம், அதன்பின் ஒவ்வொருவரும் தாம் சந்தித்த குடும்பத்தின் நிலையை எடுத்துச் சொல்வார்கள், காணிக்கை, முடிவில் மீண்டும் செபம். வீடுகளுக்குத் தனியே போகாமல் இருவர் இருவராகப் போவது வழக்கமாயிற்று. ஓசானாமுக்குக் கிடைத்த முதற் குடும்பத்தில் குடிகாரக் கணவன் கையிற் கிடைத்ததையெல்லாம் விற்றுக் குடித்தான். ஐந்து பிள்ளைகளின் தாய் உழைத்து உழைத்து ஓய்ந்திருந்தாள். தோழர்கள் பணம் சேர்த்து அவளைச் சொந்த ஊருக்கு அனுப்பிவைக்க, மூத்த பையன்கள் இருவருக்குப் பாயியின் அச்சகத்தில் வேலை கிடைத்தது. இவ்வாறு ஒருவர் தொட்ட காரியத்துக்கு எல்லோரும் கைகொடுத்தார்கள். நேற்றுவரை மேடையில் விசுவாசத்துக்காக வாதாடியவர்கள், அதை வாழ்ந்து காட்டும் பயிற்சியை ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றார்கள். ஒருவன் சோர்ந்து வராதிருந்தால் அடுத்தவன் அவன் அறைக்கே போய் அழைத்து வந்தான்.

அப்படி இனிதாக வளர்ந்த நட்பே அவர்களுக்கு ஒரு சோதனையாகவும் வந்தது. புதிதாக ஒருவரைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தபோதே சிலர் தயங்கினார்கள். நாங்கள் ஏழு பேரும் நன்றாயிருக்கிறோமே, இன்னொருவர் எதற்கு என்ற எண்ணம். எனினும் கதவு திறந்தது. 1834ஆம் ஆண்டு முடிவில் நூறு பேருக்கு மேலாகிவிட்டார்கள். இருக்க இடமில்லை, குடும்பங்களைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை, பின்வரிசையில் இருந்தவரின் பெயர் முன்வரிசைக்குத் தெரியவில்லை. டிசெம்பர் மாதத்தில் ஓசானாம் எழுந்து சபையைப் பிரிக்கவேண்டும் என்றார்.

கூட்டம் கொந்தளித்தது. பிரிந்தால் நட்பு செத்துவிடும், பிரிவு என்ற சொல்லையே எடுக்கக்கூடாது என்று எதிர்த்தவர்கள் அவரோடு ஒரே தட்டில் உண்டு ஒரே கோவிலில் செபித்த நெருங்கிய நண்பர்கள். சிலர் கண்ணீர் விட்டார்கள். ஓசானாமுக்கும் அந்த வலி இல்லாமலில்லை. ஆயினும் ஒருவரையொருவர் அறியாத நூறு பேர் ஓரறையில் கூடுவது நட்பல்ல, வெறுங் கூட்டம் என்பதை அவர் கண்டுகொண்டார். பெயர் சொல்லி அழைக்கக்கூடிய சிறு தொகையினர் வேண்டும். பிரிந்த தொகையினரை இணைக்கும் உறவும் வேண்டும். இரு பக்கத்தாரும் ஒரே நட்பைக் காப்பாற்றவே எதிரெதிராக நின்றார்கள் என்பதுதான் இவ்வாதத்தின் விசேஷம். வாதம் கூட்டத்துக்குக் கூட்டம் நீண்டது. ஆண்டின் கடைசிக் கூட்டத்தில் முடிவு எட்டவில்லை என்றாலும், பிரியும்போது தழுவிப் புத்தாண்டு வாழ்த்துக்கூறியே பிரிந்தார்கள். 1835 தொடக்கத்தில் சபை புனித எத்தியேன் பங்கிலும் புனித சுல்பீஸ் பங்கிலும் வெவ்வேறாகக் கூடத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே லாலியேயும் பாயியும் சேர்ந்து சபையின் ஒழுங்குவிதிகளை எழுதினார்கள். எல்லாக் கிளைகளும் ஆண்டில் நான்குமுறை ஒன்றாகக் கூடவேண்டுமென்று அவற்றில் விதித்ததைப் பார்த்தால், அழுது எதிர்த்தவர்களின் குரல் வீண்போகவில்லை என்று தெரிகிறது. இன்று 150க்கு மேற்பட்ட நாடுகளில் சபை பங்கு பங்காகச் சிறு கிளைகளில் இயங்குவதற்கு அந்த மாரிகாலச் சச்சரவே காரணம்.

அதே ஆண்டில் பாரிஸுக்கு வெளியே நீம் நகரில் கூர்னியே என்ற நண்பர் ஒரு கிளையைத் தொடங்கினார். அவருக்கு ஓசானாம் எழுதிய கடிதங்கள் நீளமானவை. பொதுவாகவே அவர் ஓயாத கடிதக்காரர். லாலியே முதலிய தோழருக்குத் தம் சோம்பல், தம் பெருமை, தம் மனத்தளர்ச்சி எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி, தம்மைக் கண்டிக்கும்படியும் தமக்காகச் செபிக்கும்படியும் கேட்பார். நண்பர்கள் ஒவ்வொருவராக மணமுடித்துப் போகையில் அவருக்குச் சற்றே கசந்ததும் உண்டு. பெரிய பரிசுத்தவான்களும் நட்பில் பொறாமைப்படுவார்கள் என்று அறிவதில் நமக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது.

பாரிஸ் மாணவர்கள் கேட்கத்தக்க பிரசங்கம் வேண்டுமென்று 1833இலும் 1834இலும் பேராயரிடம் கையொப்பமிட்ட விண்ணப்பங்களோடு சென்றவர்களில் ஓசானாமும் ஒருவர். அதன் பயனாக 1835 தவக்காலத்தில் லகோர்டேர் அடிகளாரின் புகழ்பெற்ற பிரசங்கங்கள் நோத்ர தாம் பேராலயத்தில் ஆரம்பித்தன.

1837இல் தந்தையார் ஏழை நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டுப் படியில் விழுந்து இறந்தார். 1839இல் தாயாரும் காலமானார். அதே ஆண்டில் இத்தாலியக் கவிஞர் தாந்தேயைப் பற்றிய ஆய்வுக்காக ஓசானாம் கலாநிதிப் பட்டம் பெற்றார். துறவியாவதா, இல்லறத்தில் இருப்பதா என்று வெகுகாலம் தடுமாறினார். லகோர்டேர் அடிகளார் அவரைத் துறவறத்துக்கு எதிர்பார்த்தார். பழைய ஆசான் நுவாரோ அடிகளாரோ இல்லறத்தையே காட்டினார். 1841 ஜூன் 23ஆந் திகதி லியோனில் அமேலி சூலாகுருவாவை மணந்தார். பூசை நிறைவேற்றியவர் அண்ணன் அல்போன்ஸ். மாதந்தோறும் 23ஆந் திகதி மனைவிக்குப் பூச்செண்டு கொடுப்பதை அவர் கைவிடவில்லை. 1845இல் மகள் மரி பிறந்தாள்.

சொர்போன் பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் துணைப் பேராசிரியர். 1844 முதல் பேராசிரியர். விரிவுரைக்கு முன் முழந்தாளிட்டுச் செபித்துவிட்டே போவார். 1840களின் நடுவில் லெனோர்மான் என்ற சகபேராசிரியர் விசுவாசத்துக்குத் திரும்பி அதை மறைக்காமல் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் கூச்சலிட்டு அவரைப் பேசவிடவில்லை. கேட்க வந்திருந்த ஓசானாம் ஒரே பாய்ச்சலில் மேடையேறி அவர் அருகில் நின்று, பிறருடைய மனச்சாட்சிக்கு மதிப்புக் கொடுக்கும்படி கூட்டத்தை நோக்கிப் பேசினார். கூச்சல் அடங்கிற்று. ஆயினும் அதிக காலம் செல்லுமுன் லெனோர்மான் தம் விரிவுரைகளை விட்டுவிட நேர்ந்தது. துணைநிற்பது எப்போதும் வெற்றியில் முடிவதில்லை.

1848 ஜூன் மாதம் பாரிஸ் வீதிகளில் தொழிலாளருக்கும் படையினருக்கும் இடையே பெரும் இரத்தக்களரி. ஓசானாமும் இரு நண்பர்களும் பேராயர் அப்ர் ஆண்டகையிடம் சென்று, சமாதானம் பேச முன்வரும்படி வேண்டினார்கள். ஆண்டகை உடனே இசைந்தார். இவர்களைத் தம்மோடு வரவிடாமல் தடுத்துவிட்டுப் போனார். அங்கே குண்டு பாய்ந்து, ஜூன் 27இல் உயிர்நீத்தார். தாங்கள் போய்க் கேட்டதன் முடிவு இப்படியாயிற்றே என்ற பாரத்தோடு அந்த மூவரும் வாழவேண்டியிருந்தது. ஏழைத் தொழிலாளரின் பக்கம் பேசியதற்காக அக்காலத்தில் கத்தோலிக்கப் பத்திரிகை ஒன்றே ஓசானாமைத் தாக்கி எழுதியது. அவிசுவாசிகளின் ஏளனத்தைச் சிரித்துக்கொண்டு தாங்கியவர், சொந்தச் சகோதரரின் அந்த அடியில் மிகவும் நொந்துபோனார்.

அம்பேரின் வீட்டில் தாம் பட்ட கடனை அவர் தீர்க்க முயன்ற விதமும் சொல்லப்படவேண்டும். முதியவரின் மகன் ஜோன் ஜாக் அம்பேர் பேர்பெற்ற எழுத்தாளர். ஓசானாமின் உற்ற நண்பர். ஆனால் தந்தையின் விசுவாசத்தில் நில்லாதவர். ஆண்டுக்கணக்காகப் பழகியும் ஓசானாம் அதைச் சொல்லி அவரை நெருக்கியதில்லை. 1851இல் நண்பர் அமெரிக்கா போகப் புறப்பட்டபோது, தம் உடல் தளர்வதை உணர்ந்த ஓசானாம் மனம் திறந்து ஒரு கடிதம் எழுதினார். மறுமையிலும் பிரியாதிருக்கவேண்டும் என்ற ஏக்கத்தை அதில் வெளியிட்டார்.

சிறுநீரக நோய் முற்றியது. சுகம் தேடி 1853இல் இத்தாலியில் தங்கினார். புளோரன்ஸ் நகரில் சபையின் கூட்டமொன்றில் பேசியபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்த வாதத்தையும் முதற் கூட்டத்தையும் நினைவூட்டினார். தம்மைத் தாபகர் என்று அழைக்க அவர் ஒருபோதும் இடங்கொடுத்ததில்லை. தாங்கள் பலர் என்றே சொல்வார். சபையின் பொதுத் தலைவர் பதவியும் அவரிடம் ஒருநாளும் இருக்கவில்லை.

ஆகஸ்ட் 15ஆந் திகதி, தேவமாதாவின் விண்ணேற்பு விழா. லிவோர்னோவுக்கு அருகே அந்தினியானோ என்ற கடற்கரைக் கிராமத்தில் இருந்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு நடந்தே போனார். அவ்வூர்ப் பங்குக் குருவானவரும் மரணப் படுக்கையில் இருந்தார். ஓசானாம் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் அவர் எழுந்து, பிறர் தாங்கிக்கொள்ளப் பீடத்துக்கு வந்து பூசை நிறைவேற்றி அவருக்கு நற்கருணை வழங்கினார். சாகப்போகிற ஒருவர் கையிலிருந்து சாகப்போகிற இன்னொருவர் ஆண்டவரைப் பெற்றுக்கொண்டார். அந்தக் குருவானவர் நிறைவேற்றிய கடைசிப் பூசை அதுவே.

கப்பலேற்றி மார்செய் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஓசானாம், 1853 செப்டெம்பர் 8ஆந் திகதி, தேவமாதாவின் பிறந்தநாள் திருவிழாவன்று, அங்கே இறையடி சேர்ந்தார். அடுத்த அறையில் அந்நகரின் வின்சென்ட் டி போல் சபையினர் முழந்தாளிட்டிருந்தார்கள். அவர் விட்டுச்சென்ற எழுத்துக்களைத் திரட்டி முன்னுரையோடு அச்சேற்றியவர் ஜோன் ஜாக் அம்பேர். 1997 ஆகஸ்ட் 22ஆந் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், நோத்ர தாம் பேராலயத்தில் ஓசானாமை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அருட்சகோதரி ரொசாலிக்கு அப்பேறு 2003இல் கிடைத்தது. ஓசானாமின் உடல் பாரிஸில் கார்மேல் சபையினருக்குரியதாயிருந்த புனித சூசையப்பர் கோவிலின் நிலவறையில் இருக்கிறது. அக்கோவிலை ஒட்டியே பாரிஸ் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் பின்னர் எழுந்தது. ஊரைவிட்டு வந்து படிக்கும் இளைஞர்கள் இன்றும் அந்த வளவுக்குள் நடந்து திரிகிறார்கள்.